நான் குடியை விட்டதைப் படம் பிடித்த கதை

1

இத்தனை வருடமும் இங்கிருந்து நம் ஊர்ப் பத்திரிகைக்கு நான் எழுதியதில் எல்லாம் ஜெர்மனியில் நாங்கள் சௌக்கியமாகவே இருந்தோம். பனி பெய்தது, மகள் சைக்கிள் ஓட்டப் பழகினாள், சீரகச் சம்பா கிடைக்காத ஊரில் ஆம்பூர் பிரியாணி செய்ய முயன்று தோற்றோம் என்று எழுதினேன். நடுவில் சில வருடங்கள் என்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. பாவம், வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். வேலையெல்லாம் ஒன்றும் இல்லை. குடித்துக்கொண்டிருந்தேன்.

இதை இப்போது சொல்வதற்கு எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிடவில்லை. ஆம்பூரில் என் தங்கை வீட்டுத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவுக்குத் தெரிந்தது பக்கத்து ஊர் வாணியம்பாடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிட்டால் கொஞ்சம் கவுரவமாக இருக்கும்.

நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ஊரே ஷூ தைத்துப் பிழைத்தது. இப்போது அந்தத் தொழிற்சாலைகளை எல்லாம் நடன வகுப்பாகவும் கலைக்கூடமாகவும் மாற்றிவிட்டார்கள். ஷூ நம் ஊரிலிருந்து வருகிறது. பெட்டியைத் திறந்து, தோலைத் தடவி, தையலைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பது என் வேலை. ஆம்பூரில் எந்த ஷூவை நல்லது என்று அனுப்பினேனோ, அதே ஷூவை இங்கே உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறேன். சம்பளமும் குளிரும்தான் ஜாஸ்தி.

குடியை விட்ட பிறகு புதன்கிழமைதோறும் ஒரு குழுவுக்குப் போகிறேன். மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வோம். ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருவர். எல்லோரும் மதுவை விட்டுவிட்டு அந்தக் கோபத்தைக் காபி மீது காட்டுகிறவர்கள். ஒருவர் குடியை விட்ட மாதம் வரும்போது மெழுகுவத்தி ஏற்றிக் கை தட்டுவார்கள். இந்த வருடம் என் முறை வந்தபோது குடும்பத்தையும் அழைத்துவரச் சொன்னார்கள். மனைவி விமலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மெழுகுவத்தியும் கைதட்டலும் இருந்தால் அது பிறந்தநாள்தான் என்பது அவள் கட்சி. மகள் தாரணி முழங்காலில் கிழிந்த கால்சட்டையில் வந்தாள். வேறு ஊரில் சினிமாக் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக்கு எப்போதாவது வருவாள். ஒவ்வொரு தடவையும் தலைமுடி வேறு நிறத்தில் இருக்கும். எந்த நிறம் என்பதை வைத்துத்தான் அவள் கடைசியாக எப்போது வந்தாள் என்று நாங்கள் நினைவு வைத்துக்கொள்வோம்.

திரும்பும் வழியில் காரில் சொன்னாள்: “அப்பா, படிப்பு முடிக்க நான் ஒரு படம் எடுக்கணும். உங்களை எடுக்கறேன். நீங்க குடிய விட்டத.”

“என் கதையில இன்னா இருக்குது?”

“கதை வேணாம்ப்பா. இது கதை இல்லாத படம். பரிசோதனைப் படம்.”

“பரிசோதனைதான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து எடுத்துப் பண்ணாங்களே, பத்தலையா?” என்று பின்சீட்டிலிருந்து விமலா கேட்டாள். “எல்லாருக்கும் தெரியணுமா அது?”

“தெரிஞ்சா என்னம்மா?”

ஜெர்மனியில் பிறந்த பெண் அப்படித்தான் கேட்பாள்.

2

படத்துக்கு நகராட்சியின் கலாச்சார அலுவலகத்தில் உதவி கேட்டோம். இங்கே எதற்கும் ஓர் அலுவலகம் உண்டு. அந்த அலுவலகத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்பதற்கும் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே இருந்த அம்மையார் மிகவும் நல்லவர். கழுத்தில் பெரிய பெரிய மரமணிகள் போட்டிருந்தார். ஒருமுறை கேரளாவுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் என்பதால், நான் வாயைத் திறக்குமுன்பே என்னை முழுக்கப் புரிந்துகொண்டார்.

“ஊரைப் பிரிந்த ஏக்கத்தில்தான் குடிக்கத் தொடங்கினீர்கள், இல்லையா?”

“இல்லை. வேலை முடிந்து எல்லோரும் போனார்கள், நானும் போனேன். பீர் நன்றாக இருந்தது.”

அவருடைய பேனா நின்றுவிட்டது. “அதற்கு முன்பு? தோல் தொழிற்சாலை, ரசாயனம், வறுமை?”

“ஊரில் இருந்தவரை நான் தொட்டதில்லை. அப்பாவுக்குப் பிடிக்காது.”

“அப்பா அடிப்பாரா?” என்று கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார்.

“அடிக்கமாட்டார். பேசமாட்டார்.”

அம்மையார் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அப்பா ஒரே ஒரு அடியாவது அடித்திருக்கலாம். மேசைக்கு அடியில் தாரணி என் காலை மிதித்தாள். பிறகு, என்னைக் காட்டிலும் நல்ல ஜெர்மனில், “அந்த வலியைச் சொல்ல அப்பாவுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. எங்கள் படம் அதைத்தான் தேடப்போகிறது” என்றாள். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. உதவி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, நோயின் வேரைத் தேடி ஆம்பூருக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் வந்த வியாதிக்கு ஜெர்மன்காரர் செலவில் ஆம்பூரில் காரணம் தேட முடிவாயிற்று.

வெளியே வந்ததும், “பொய் சொல்லலாமாடி?” என்று கேட்டேன்.

“பொய் இல்லப்பா. அப்ளிகேஷன்.”

3

உண்மையில் என் குடிக்கு வேரெல்லாம் கிடையாது. முதலில் எல்லோருடனும் குடித்தேன், பிறகு தனியாகக் குடித்தேன், பிறகு ஒளித்துக் குடித்தேன். இந்த ஊர் வீடுகளுக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். உருளைக்கிழங்கு, சைக்கிள், பழைய சாமான் எல்லாம் அங்கேதான். நான் சாயங்காலமானால் உருளைக்கிழங்கு எடுத்துவரப் போவேன். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் வறுவல், குருமா, மசியல், பொரியல் என்று உருளைக்கிழங்கு தவிர வேறெதுவும் சமைத்ததாக நினைவில்லை. நான் கொண்டுவந்து கொட்டுவதை விமலா உரித்துக்கொண்டிருப்பாள்.

விடுமுறைக்கு ஆம்பூர் வந்தால் நிலவறைகூடத் தேவையில்லை. தங்கை கஸ்தூரியின் வீட்டுக்காரர் ஏழுமலை எனக்கு மச்சான் மட்டுமல்ல, பழைய தோஸ்த்தும்கூட. விமான நிலையத்தில் வாங்கிய புட்டியோடு இருவரும் மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். உள்ளூரில் குவார்ட்டர் வாங்கிக் குடித்தால் குடிகாரன். வெளிநாட்டிலிருந்து அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து குடித்தால் பெரிய மனுஷன். எனவே நம் ஊரில் என்னை ஒருவரும் குடிகாரன் என்று சொன்னதில்லை.

ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், “உங்களைப் பொறுத்தவரை ‘கொஞ்சம்’ என்று இனி எதுவும் கிடையாது. ஒரு வாய் என்றால் பழையபடி எல்லாம்தான்” என்றார். அவர் போன பிறகு விமலா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: “ஒரு வாய் உள்ள போச்சுன்னா, நான் தாரணிய கூட்டினு போய்டுவேன். அழமாட்டேன், சண்டை போடமாட்டேன். போய்டுவேன்.” அவள் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்கிறவள் அல்ல.

அன்றிலிருந்து நான் தொடவில்லை. ஆனாலும் கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் இன்றும் ஜன்னலருகே வந்து நிற்பாள். நான் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும், சும்மா திரைச்சீலையைச் சரிசெய்ய வந்தவள் மாதிரி உள்ளே போய்விடுவாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். சில நாள் கோபமும் வரும். அவள் நம்பும்படி ஆக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இப்போது இல்லை.

ஆம்பூர்ப் பயணத்துக்கு விமலாவால் வர முடியவில்லை. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. கிளம்பும்போது தாரணியிடம், “அப்பாவ பாத்துக்கோ” என்றாள்.

“நான் படம் எடுக்கப் போறேம்மா. காவலுக்கு இல்ல.”

“அங்க குடிக்கற மாதிரி எல்லாம் எடுப்பியா?”

“பால் ஊத்தாத டீம்மா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

4

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு கஸ்தூரி போனில் தன் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பின்னால் இருந்த சாமான் அறையைப் பார்த்ததும் தாரணி துள்ளிக் குதித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், துருப்பிடித்த பீரோ, மங்கலான ஒற்றை பல்பு. “அத்தை, இந்த ரூம்தான் படம். இத தொடவே தொடாதீங்க” என்றாள். ‘தொடாதீங்க’ என்பது அங்கே எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஏழுமலை ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளை அடிப்பார்கள். வாடகைக்குப் பூந்தொட்டி வரும். கக்கூஸில் சோப்பு வைப்பார்கள். தையல் பெண்களுக்குப் புதுக் கோட்டும் தொப்பியும் கொடுப்பார்கள். இருப்பதிலேயே நல்ல தோலாகப் பார்த்து சாம்பிள் செய்து மேசை மீது வைப்பார்கள். பையர் காரில் ஏறியதும் பூந்தொட்டியும் வண்டி ஏறிவிடும். ஏழுமலையின் வாழ்க்கை முழுக்க இந்த ஒழுக்கத்தில் போனது. ஜெர்மன் காசில் ஜெர்மன் கேமரா வருகிறது என்றால் அவருக்கு அது பையர் விசிட்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அறை கிளிப்பச்சையாக இருந்தது. இரண்டு டியூப்லைட் எரிந்தது. பீரோவுக்கு வெள்ளிப் பெயிண்ட். அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா. தாரணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, அந்தச் சுவர் எங்க?”

“இதாம்மா அந்தச் சுவரு. ரெண்டு கோட்டு அடிக்கச் சொன்னேன். எப்படி இருக்குது?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டதை அவர் ஆனந்தத்தால் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்தது கஸ்தூரியின் பேட்டி. முகத்தில் பவுடர், கழுத்தில் இருந்த நகை அவ்வளவும், கல்யாண வீடியோவில் வருவதுபோல் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு. தாரணி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: “அத்தை, அப்பா ரொம்பக் குடிச்ச காலத்தில, உங்க மனசில என்ன இருந்துச்சு?”

“யாரு, எங்க அண்ணனா?” கஸ்தூரி கேமராவை நேராகப் பார்த்தாள். “பச்சத் தண்ணிகூட கொதிக்க வெச்சு ஆற வெச்சுதான் குடிப்பாரு.”

“அத்தை, இது உண்மைய சொல்ற படம்.”

“உண்மையத்தாம்மா சொல்றேன். சின்னதுல இருந்தே அப்படித்தான்.”

கேமராவை அணைத்ததும் சிரிப்பும் அணைந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னாண்ணா இது பேஜாரு? என் பொண்ணுக்கு சம்பந்தம் பேசினு இருக்கோம். தாய்மாமன் குடிகாரன்னு ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுவாங்களா? நான் தெருவுல, சக்கர வியாதிக்கு ஜெர்மன்ல இருந்து படம் எடுக்க வந்திருக்காங்கன்னு சொல்லிட்டேன்.”

“சரி, அப்படியே இருக்கட்டும்” என்றேன். எதிர்வீட்டு சரோஜாம்மா அன்றே வந்து, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா பின்னால் போட வேண்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். எப்படி விட்டேன் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

“எந்தக் கோயில்ல மச்சான் கயிறு கட்டுனீங்க?”

நம் பக்கத்தில் குடியை விடுவது என்றால் சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொள்வது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு சொல்லிக் கட்டுவார்கள். கயிறு கையில் இருக்கும்வரை எப்பேர்ப்பட்ட கூட்டாளியும் ‘வா, ஒரு கட்டிங் போடலாம்’ என்று கூப்பிடமாட்டான். சாமி குத்தம் ஆகிவிடும். கெடு முடிந்து கயிறு அவிழ்ந்த அன்று அவனே வண்டியோடு வாசலில் வந்து நிற்பான்.

“கயிறெல்லாம் இல்ல மச்சான். வட்டமா நாற்காலி போட்டு உக்காந்து பேசுவோம்.”

“பேசுனா போய்டுமா?”

“போகாது. இன்னிக்கு வேணாம்னு சொல்லிக்குவோம். நாளைய கதைய நாளைக்குப் பாத்துக்கலாம்னு.”

“அப்போ கையில கயிறே கிடையாது?”

“கிடையாது” என்றேன், நாகரிகம் தெரிந்த ஆளின் புன்னகையோடு. ஏழுமலை வெகுநேரம் என் வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வியந்துபோயிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

5

சுவர் பச்சையாகிவிட்டதால் தாரணி திட்டத்தை மாற்றினாள். சுவர் தெரியாதபடி என் முகத்தையும் கையையும் மட்டும் நெருக்கத்தில் எடுப்பதாக முடிவு. படத்திலேயே நீளமான காட்சி அது. மற்ற நேரமெல்லாம் இருட்டுத் திரையில் தோல் பதனிடும் டிரம் சுற்றுகிற ஓசை கேட்கும். ஆள் இல்லாமல் ஷூக்கள் நடந்துபோகும். என்ன அர்த்தம் என்று கேட்டேன். அர்த்தம் கேட்காமல் பார்க்க வேண்டுமாம்.

காட்சி இதுதான். மேசைமீது ஒரு கண்ணாடித் தம்ளர். அதை நான் எடுத்து உதட்டுவரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைக்க வேண்டும். மறுபடியும் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். கடைசியில் அவள் சொல்லும்போது ஒரு வாய் குடிக்க வேண்டும். அப்போது என் முகத்தில் என்ன நடக்கிறதோ அதுதான் படம். டீ போட்டுத் தம்ளரில் ஊற்றி வைக்கிற பொறுப்பை ஏழுமலை தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். அறை வாசலில் பாதித் தெரு நின்றது. முன்வரிசையில் சரோஜாம்மா, மருந்துச் சீட்டோடு. எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தாரணி கேமராவை ஓட்டினாள். நான் தம்ளரை எடுத்தேன்.

உதட்டுக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது. அது டீ இல்லை. பிராந்தி. நல்ல பிராந்தி. பெட்டியைத் திறக்கும்போதே தோலின் தரத்தைச் சொல்கிற மூக்கு என்று கம்பெனியில் எனக்குப் பேர் உண்டு. இதற்கு அந்த மூக்கு தேவைப்படவில்லை. வயிறு, தொண்டை, விரல் நுனி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

கேமராவுக்கு மேலே ஏழுமலையைப் பார்த்தேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, பையருக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

தம்ளரைக் கீழே வைத்தேன். “சூப்பர்ப்பா,” என்று தாரணி கிசுகிசுத்தாள். “கை நடுங்கறது நல்லா வருது. இன்னொரு தடவை.”

இரண்டாம் தடவை எடுத்தேன். அப்போது என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் பக்கம் இவ்வளவு நியாயம் சேர்ந்தது நான் குடித்த காலத்தில்கூட நடந்ததில்லை. பெற்ற மகளே சொல்கிறாள். ஜெர்மன் நகராட்சி செலவு செய்கிறது. தெருவே சாட்சியாக நிற்கிறது. கலைக்காக ஒரே ஒரு வாய். ஏழுமலை வெளியே சொல்லமாட்டார். முகம் கோணினால் நடிப்பு என்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் பரிசு கொடுப்பார்கள். விமலாவுக்குத் தெரிய வழியே இல்லை. அவளிடம் டீ என்றுதான் சொல்லியிருக்கிறோம். நிலவறையில் ஒளிந்து ஒளிந்து நான் தேடிய சாக்கு, பட்டப்பகலில், விளக்கு வெளிச்சத்தில், தானாக என் கைக்கு வந்திருந்தது.

எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு வேண்டும்போல் இருந்தது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

“அப்பா,” தாரணியின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது. “இப்ப குடிங்க.”

சின்னப் பெண்ணாக நிலவறைப் படியில் நின்று, “குடிக்காதீங்கப்பா” என்று அவள் சொன்னதும் இதே குரலில்தான்.

“மாட்டேன்” என்றேன்.

“ஒரு வாய்தாம்ப்பா. குடிங்க.”

“தாரணி, இது டீ இல்ல.”

குடித்த காலத்தில் நான் உண்மையைச் சொன்னதே இல்லை என்று நினைக்காதீர்கள். சொல்வேன், அழுவேன், காலில் விழுவேன். எல்லாம் குடித்து முடித்த பிறகு. குடிப்பதற்கு முன்னால் ஒருவரிடம் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

தாரணி கேமராவை விட்டுவிட்டு வந்தாள். என் கையிலிருந்து தம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள். அது போதாது என்று எடுத்து பீரோ மேல் ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபடியும் எடுத்துக்கொண்டு, “அத்தை, இத எங்க வெக்கறது?” என்று கேட்டாள். அந்த வீட்டில் அதை வைக்க அவளுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

கஸ்தூரி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஜலதாரையில் கொட்டினாள். திரும்பி வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். “யோவ், இன்னாயா ஊத்தி வெச்ச?”

ஏழுமலைக்கு எதற்குத் திட்டு விழுகிறது என்றே புரியவில்லை. “பையர் முன்னாடி டூப்ளிகேட் வெப்பாங்களாடி? நம்ம வாழ்நாள்ல ரெக்சின வெச்சு லெதர்னு காட்டியிருக்கோமா? கேமரா வேற. வெலை ஜாஸ்தின்னாலும் ஒரிஜினலா இருக்கட்டும்னு பெங்களூருல சொல்லி வெச்சு வாங்கியாந்தேன்.”

“எங்கண்ணன் விட்டுட்டாருன்னு உனக்குத் தெரியாதா?”

“கையில கயிறே இல்லன்னு மச்சான்தானே சொன்னாரு! கெடு எல்லாம் முடிஞ்சுபோச்சு, வெளிய சொல்ல கூச்சப்படறாருன்னு நெனச்சேன்.” என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “ஒரு நூலு கட்டியிருந்தீங்கன்னா நான் செய்வேனா மச்சான்? கிட்டயே கொண்டாந்திருக்க மாட்டேனே.”

வாசலிலிருந்து சரோஜாம்மா, “அப்போ சக்கர இல்லையா?” என்று கேட்டாள்.

6

திரும்பி வந்ததும் நடந்ததை விமலாவிடம் சொல்லிவிடும்படி தாரணி என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். இன்று வேண்டாம், நாளை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். நாற்காலி வட்டத்தில் நான் கற்ற பாடத்தை இதற்குப் பயன்படுத்திக்கொண்டது கொஞ்சம் அநியாயம்தான். சொன்னால், பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை போய்விடுமோ என்று பயம். அதற்குள் படம் தயாராகி, திரையிடும் நாளும் வந்துவிட்டது.

கலைக்கூடமாக மாறிய பழைய ஷூ தொழிற்சாலையில் திரையிட்டார்கள். கலாச்சார அலுவலகத்து அம்மையார், தாரணியின் பேராசிரியர்கள், என் புதன்கிழமைக் கூட்டாளிகள். படம் இருட்டில் தொடங்கியது. டிரம் சுற்றும் ஓசை மட்டும். எல்லோரும் மூச்சுப் பிடித்து இருட்டை ரசித்தார்கள். “கரண்டு போய்டுச்சா?” என்று விமலா என் காதில் கேட்டாள்.

பிறகு என் முகம் வந்தது. சுவர் அளவுக்கு. தம்ளரை எடுத்து, உதட்டுக்குக் கொண்டுபோய், கீழே வைத்தேன். பக்கத்தில் விமலா நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. அவள் தம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். திரையில் நான் இரண்டாம் தடவை எடுத்தேன்.

விமலா எழுந்து நின்றுவிட்டாள்.

“வேணாங்க!” கூடமே அதிரக் கத்தினாள். “கீழ வைங்க! என்னைப் பாருங்க, கீழ வைங்க!”

எங்கள் வரிசைக்குப் பின்னாலிருந்துதான் படத்தின் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் தலையின் நிழல் திரையில் என் வாயை மறைத்தது. திரையில் தாரணியின் குரல் ‘இப்ப குடிங்க’ என்றது. “வேணாம்” என்று இவள் இங்கே கத்தினாள். திரையில் நான், ‘மாட்டேன்’ என்றேன். பிறகு, ‘தாரணி, இது டீ இல்ல’ என்றேன். படம் எடுத்த மகளுக்கே முதலில் தெரியாமல் போனது, பக்கத்தில் இல்லாதவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் காட்சி முடியும்வரை அவள் உட்காரவில்லை. உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விளக்கு போட்ட பிறகும் விடவில்லை.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். கலாச்சார அலுவலகத்து அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். படம் அருமை, ஆனால் திரைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே ஒரு பெண் எழுந்து நின்ற அந்த இடம்தான் உச்சம், எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று விமலாவைக் கேட்டார்.

நாள் முழுக்க முதியோர் இல்லத்தில் ஜெர்மன் பேசுகிறவள் அவள். அன்று அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. “இன்னா சொல்றாங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“நீ ரொம்ப நல்லா நடிச்சியாம்.”

விமலா அந்த அம்மையாரைக் கோபமில்லாமல் பார்த்தாள். “அவங்ககிட்ட சொல்லுங்க. இவரு குடிச்ச வருஷமெல்லாம் ஊருல இருந்து யாரு கூப்ட்டாலும் சிரிச்சு சிரிச்சுப் பேசி நடிச்சேன். அப்போ எனக்கு ஒருத்தரும் கை தட்டல. இன்னிக்கு ஒருநாள்தான் நான் நடிக்கல. சொல்லுங்க, அப்படியே சொல்லுங்க.”

முதல் வாக்கியத்தை ஜெர்மனில் சொன்னேன். அடுத்ததைச் சொல்லாமல் விமலாவைப் பார்த்தேன். தாரணி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.